ரத்னாபாயின் கையகலத் துணி

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிழைத்து எழுந்தவர்களுக்கு டாக்டரின் பெயர் தெரியும், நர்ஸின் பெயர் தெரியும், கேன்டீனிலிருந்து சாயா கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். வயிற்றுக்குள் போன கத்தியையும் கத்தரியையும் கழுவி, கிருமியைக் கொன்று, பொதிந்து அனுப்பியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ரத்னாபாய்க்கு அதில் வருத்தமும் இல்லை. தன் பெயர் மேலே போனால் எங்கோ கோளாறு என்றுதான் அர்த்தம் என்பாள். இருபத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அது மேலே போனது. போனது என்ன, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

குழித்துறைப் பக்கம் பிறந்தவள். பத்தாம் வகுப்பு முடித்து, இருபது வயதில் திரவியத்தைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தாள். திரவியம் சாலைக் கடைத்தெருவில் ஊதுபத்தி மொத்தக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். வீட்டுக்கு வந்தால் அவர் சட்டை ஒரு கோயில் மாதிரி மணக்கும், அவர் போவதோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு. பேச்சு குறைவு. கொயரில் பாடுவார், சுதி சேராது, அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வராது. கரமனையில் இரண்டு அறை வீடு. எண்பத்து மூன்றில் ரத்னாபாய் நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் தற்காலிகமாக நில் என்றார்கள். நின்றவள் நின்றவள்தான்.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதை முழுக்க அதில்தான் இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற மெல்லிய குழாய்க் கருவிகள் இருக்கின்றன அல்லவா, நுனியில் கண்ணாடி வைத்தவை, அவற்றில் ஒன்றை எண்பத்தாறில் அவள் பொதிந்து அனுப்பினாள். தட்டின் இரும்பில் இடித்துக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மயக்கம் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது. மேஜையில் கிடந்த விழிஞ்ஞத்து மீன்காரப் பெண்ணை அப்படியே வார்டுக்குத் திருப்பினார்கள். இரண்டு வாரமாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவள் அவள். வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்து அவள் அழுததை ரத்னாபாய் தூண் மறைவில் நின்று கேட்டாள்.

மறுநாள் திரவியத்தின் பழைய முண்டு வேட்டி ஒன்றை, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்ததை, கையகலத் துண்டுகளாகக் கத்தரித்துக் கொதிக்க வைத்து எடுத்துவந்தாள். அன்று முதல் கண்ணாடிக் கருவி எதுவும் அந்தத் துணிப் படுக்கை இல்லாமல் தட்டில் படுத்ததில்லை. தட்டின் ரப்பர் விரிப்புக்கு அடியில், வெளியே தெரியாமல் ஒரு துண்டு. பதினெட்டு வருஷம் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. அவள் பொதிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் சில டாக்டர்கள் கையுறை போடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

இரும்புச் சாமான்களை நீராவியில் வேகவைத்துவிடலாம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அந்தச் சூட்டைத் தாங்காது. அதற்கென்று பின்கட்டில் ஓர் அறை, கேஸ் ரூம். எத்திலீன் ஆக்சைடு என்கிற வாயுவை ஒரு பெட்டிக்குள் விட்டு மணிக்கணக்காகப் பூட்டி வைப்பார்கள். திறக்கும்போது லேசாக ஓர் இனிப்பு வாடை வரும். அந்த வாடை வந்தால் தலை கனக்கும், நாக்கில் தகரம் கடித்த மாதிரி ஒரு ருசி மதியச் சோறு வரைக்கும் நிற்கும். எண்பத்தேழிலிருந்து அந்த அறை ரத்னாபாய் பொறுப்பு. முகத்தில் ஒரு துணி முகமூடி, ஜன்னலில் ஒரு ஃபேன், அவ்வளவுதான் பாதுகாப்பு.

எண்பத்தெட்டில் அவளுக்கு முதல் கரு தங்கியது. மூன்றாம் மாதம் போய்விட்டது. தொண்ணூறில் ஒன்று. தொண்ணூற்று மூன்றில் ஒன்று. டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சொந்தக்காரர்கள் காரணமே கேட்காமல் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு திரவியம் பத்து நாள் தன் கையால் சோறு வடித்தார். தினமும் குழைந்துதான் போனது. அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதன் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இரண்டாயிரத்து நான்கு ஜூனில், மழை பிடித்துக்கொண்ட வாரம், புது மெஷின் வந்தது. கிருமி ஆய்வுப் பிரிவின் டாக்டர் நாகலக்ஷ்மிதான் மேலே சண்டை போட்டு வரவழைத்தவர். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, ஒரு முடிவு எடுத்துவிட்டால் கல்மாதிரி நிற்பார். நாற்பத்தைந்து நாள் சோதனைக்கு வைத்துப் பார்ப்பது, சரிப்பட்டால் வாங்குவது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது என்று ஏற்பாடு.

கம்பெனி ஆள் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். பெட்டிக்குள் இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடை ஆவியாக உள்ளே விடுவார்களாம். அதன்மேல் ரேடியோ அலையைப் பாய்ச்சியதும் அந்த ஆவி ஒளிர ஆரம்பிக்குமாம். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். இடி மின்னலிலும் பிளாஸ்மாதான், ஆனால் இது சுடாத பிளாஸ்மா, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒன்றும் ஆகாது, கிருமி மட்டும் ஒன்றும் மிஞ்சாது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, வேலை முடிந்தது. கடைசியில் உள்ளே மிஞ்சுவது கொஞ்சம் நீராவியும் ஆக்சிஜனும்தான். ஈரம் ஆகாது, காகிதம் ஆகாது, பருத்தித் துணி ஆகவே ஆகாது, நாங்கள் தருகிற பிளாஸ்டிக் விரிப்பில்தான் பொதிய வேண்டும் என்றார். ரத்னாபாய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியுமா என்று. முடியாது, கதவு மூடியிருக்கும் என்றார். அவளுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

பிறகு சாயா வந்தது, நேந்திரங்காய் வறுவல் வந்தது. வறுவலைக் கொறித்துக்கொண்டே அந்த ஆள் போகிற போக்கில் சொன்னார். பழைய கேஸை விட்டொழிப்பது நல்லது, முக்கியமாகப் பெண்கள் வேலை செய்கிற இடத்தில், கர்ப்பிணிகளை அதன் பக்கமே விடக்கூடாது, கரு கலைகிறது என்று வெளிநாட்டில் எப்போதோ ஆராய்ச்சி செய்து எழுதிவிட்டார்கள். சொல்லிவிட்டு அவர் இன்னொரு வறுவல் எடுத்தார். ரத்னாபாய் கையில் இருந்ததை வாயிலும் போடவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

அன்று வீட்டில் திரவியத்திடம் சொன்னாள். அதுதான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரால் சொல்ல முடியும் என்றாள். அவர் எழுந்து முற்றத்தில் இறங்கி மழையில் கொஞ்ச நேரம் நின்றார். நனைந்து உள்ளே வந்து துண்டை எடுத்தார்.

“நமக்குத் தெரியல்ல ரத்னா,” என்றார்.

அவள் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். பதினோரு வருஷம் கழித்து அன்றுதான் இருவரும் அந்த மூன்று பேருக்காகச் சேர்ந்து அழுதார்கள்.

பிரிவில் அவளோடு வேலை செய்தவள் இசக்கிசெல்வி. இருபத்தாறு வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். செல்வி மலையாளம் மீடியத்தில் படித்து வளர்ந்தவள். மெஷின் துப்புகிற ஆங்கிலச் சீட்டையும் தட்டுத்தடுமாறாமல் வாசிப்பாள். ஒப்பந்த வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பார்கள். ஜூலை ஆரம்பத்தில் ஒருநாள், கை கழுவுகிற இடத்தில் வைத்து, தனக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளியிருக்கிறது என்று ரத்னாபாயின் காதோடு சொன்னாள். வெளியே தெரிந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள், வயிறு தெரிகிற வரைக்கும் ஓட்டிவிட வேண்டும் என்றாள்.

ரத்னாபாயின் கண் சுவரில் ஒட்டியிருந்த கேஸ் ரூம் முறைப் பட்டியலுக்குப் போனது. செவ்வாயும் வெள்ளியும் செல்விக்கு. புது மெஷின் நிலைத்தால் கேஸ் ரூமுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை இருக்கும், அதை, அந்த மாதம் செய்துகொண்டிருந்தது போல, ஏதாவது சாக்குச் சொல்லி அவளுக்குப் பதில் தானே பார்த்துக்கொள்ளலாம். மெஷின் திரும்பிப் போனால் பழையபடி தினமும் கேஸ், சாக்கு எத்தனை நாளைக்குச் செல்லும்? சூபர்வைசர் முறை மாற்றத்தை ஒத்துக்கொள்ளாத மனுஷர், காரணம் கேட்பார், காரணம் சொன்னால் செல்வியின் வேலை போகும். கும்பிடுகிற கடவுளிடம் அந்த மாதம் ரத்னாபாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இந்த இரும்புப் பெட்டி இங்கேயே கிடக்கட்டும்.

பெட்டிக்கோ வேறு நினைப்பு. பாதி வேலையில் கீகீ என்று கத்தி நின்றுவிடும். ‘ரத்து’ என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டைத் துப்பும். சில நாள் நன்றாக ஓடும், சில நாள் இரண்டு தடவை அடுத்தடுத்து நிற்கும். நின்றதெல்லாம் அவசரக் கருவிகள். அவற்றைத் தூக்கிக்கொண்டு கேஸ் ரூமுக்கு ஓட வேண்டும், ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போகும். டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். கொச்சியிலிருந்து என்ஜினியர் வந்து வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்தார், தன் சாமானை வைத்து ஓட்டிப் பார்த்தார், அவருக்கு முன்னால் அது பரம சாது. கரண்டைக் குறை சொன்னார், மழைக்கால ஈரத்தைக் குறை சொன்னார், போய்விட்டார்.

ஈரம் என்ற சொல்லை ரத்னாபாய் பிடித்துக்கொண்டாள். கருவிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். குழாய்களுக்குள் காற்று ஊதினாள். அதோடு விடாமல், மிச்சம் மீதி ஈரம் இருந்தால் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று ரப்பர் விரிப்புக்கு அடியில் இன்னொரு கையகலத் துணியையும் சேர்த்து வைத்தாள். பருத்தி ஆகவே ஆகாது என்று கம்பெனி ஆள் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அதனால்தான் மேலே சுற்றுகிற பச்சைத் துணியை முதல் நாளே கழற்றி வீசியிருந்தாள். அடியில் கிடக்கும் அந்தத் துண்டு அவள் கணக்கில் துணியே இல்லை. பதினெட்டு வருஷத்தில் அது அவள் கையின் ஒரு பாகமாகிவிட்டிருந்தது. தன் கையைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

நாற்பத்து மூன்றாம் நாளும் நாற்பத்து நான்காம் நாளும் அவள் லீவு, திரவியத்தின் தங்கை மகள் கல்யாணம். நாற்பத்தைந்தாம் நாள் காலை வந்தபோது வாசலிலேயே டாக்டர் நாகலக்ஷ்மி எதிர்ப்பட்டார். பதினோரு தடவை ரத்தான கணக்கை வைத்துக்கொண்டு நிர்வாகம் முடிவு பண்ணிவிட்டது, பத்து மணிக்குக் கமிட்டி, அது பேருக்குத்தான், மெஷினைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார். தான் பேசிப் பார்த்துத் தோற்றுவிட்டதாகச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

உள்ளே செல்வி, இரண்டு நாளிலும் சேர்த்து ஆறு தடவை ஓட்டினேன், கண்ணாடிக் கருவி உட்பட ஆறும் தேறிவிட்டது என்றாள். ரத்னாபாய்க்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் இதற்கு நல்ல புத்தி வருமா என்று நினைத்துக்கொண்டே காலையின் முதல் பொதியைத் தானே கட்டி ஏற்றினாள். கால் மணி நேரத்தில் கீகீ என்று கத்தியது.

செல்வி சீட்டைக் கிழித்துக்கொண்டு சூபர்வைசரிடம் போனாள். ரத்னாபாய் கோபத்தில் கையுறை போடாமலே கதவைத் திறந்து, தட்டை இழுத்து, விரிப்பைத் தூக்கி, துணிகளை உருவினாள். விரல் நுனிகள் சுரீரென்றன. பார்த்தாள். மூன்று விரல்களும் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்துக்கொண்டு வந்தன. குழாயடியில் கையை நீட்டியபடி அந்தத் துணியையே பார்த்தாள். உலர்ந்ததாக வைத்த துணி. கிருமிகளைக் கொல்ல விட்ட பெராக்சைடு மருந்தையெல்லாம் அதுதான் குடித்திருந்தது. மருந்து குறைந்தால் மெஷின் நிற்காமல் என்ன செய்யும்? செல்விக்கு இந்தப் பழக்கம் கிடையாது, புத்தகத்தில் போட்டபடி பொதிந்தாள், ஆறும் தேறியது. அந்தப் பதினோரு தடவையும், இன்றும், பெட்டியின் கழுத்தைப் பிடித்தது அவள் கைதான்.

மணி பத்தேகால். துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, அவள் பெயருக்கு ஒன்றும் வராது, மெஷின் மட்டும் லாரி ஏறிப் போகும், செவ்வாய்க்கிழமை செல்வி கேஸ் ரூமில் நிற்பாள். ரத்னாபாய் குழாயை மூடினாள். இருபத்தோரு வருஷத்து நல்ல பெயரை ஒரு பாலிதீன் உறையில் துணியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.

கமிட்டி அறையில் ஆறு பேர். நிர்வாகி மலையாளத்தில், என்ன வேண்டும், கூட்டம் நடக்கிறது என்றார். அவளுக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடுதான், ஆனால் அந்த நேரத்தில் வாயில் வந்தது ஊர்ப் பேச்சு.

“மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல ஸாரே. பதினோரு தடவையும் அத நிறுத்துனது நானாக்கும்.”

டாக்டர் நாகலக்ஷ்மி எழுந்தே விட்டார். “என்ன சொல்றேள் ரத்னாபாய்? நிதானமாச் சொல்லுங்கோ.”

அவள் உறையை மேஜைமேல் வைத்தாள். வெளுத்த விரல்களைக் காட்டினாள். மீன்காரப் பெண்ணிலிருந்து தொடங்கி ரப்பர் விரிப்பு வரைக்கும் ஒளிக்காமல் சொன்னாள். பருத்தி கூடாது என்று சொன்னது தெரியுமா என்று நிர்வாகி கேட்டார். தெரியும் என்றாள். தெரிந்துமா என்றார்.  டாக்டர் நாகலக்ஷ்மி குறுக்கே புகுந்துவிட்டார். சொன்னதை நம்ப வேண்டாம், ஓட்டிப் பார்க்கலாம், துணியோடு ஒரு தடவை, துணி இல்லாமல் ஒரு தடவை, அதுவரைக்கும் எல்லோரும் சாயா குடிக்கலாம் என்றார்.

எல்லோரும் இறங்கி வந்தார்கள். துணியோடு வைத்தது கால் மணி நேரத்தில் கத்தியது. பிறகு அதே தட்டு, அதே கருவி, உலர்த்தித் துடைத்து, துணி மட்டும் இல்லாமல். ரத்னாபாய் சுவரோரம் நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சின்னத் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் வந்து நின்ற செல்வியின் கையை யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்மா என்று திரையில் எழுத்து வந்தபோது மூடிய கதவையே பார்த்தாள். கடைசியில் கதவு திறந்தது, பொதியில் ஒட்டியிருந்த சிவப்புப் பட்டை, மருந்து சரியாகச் சேர்ந்ததற்கு அடையாளமாக, மஞ்சளாகியிருந்தது. டாக்டர் நாகலக்ஷ்மி சீட்டைக் கிழித்து நிர்வாகியின் கையில் கொடுத்தார்.

மெஷின் ஆஸ்பத்திரியிலேயே தங்கியது. ரத்னாபாய் பெயரில் மெமோ வந்தது. தெரிந்தே விதிமுறை மீறியதற்காகக் கண்ணாடிக் கருவிகளைப் பொதியும் பொறுப்பிலிருந்து விலக்கம். புது மெஷினில் வைக்கக்கூடாத சாமான்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் நடக்கிற கேஸ் ரூம் வேலை, ஆறு மாதத்துக்கு முழுக்க முழுக்க அவள் ஒருத்திக்கே. தண்டனை.

இதைக் கேட்டு டாக்டர் நாகலக்ஷ்மி கொதித்துப்போய் வந்தார். உண்மையைச் சொன்னவளுக்கு இதுதான் மரியாதையா, அந்த மெமோவை நான் பேசித் திரும்பப் பெறுகிறேன் என்றார். ரத்னாபாய் அவர் கையைத் தொடாத குறையாகக் கெஞ்சினாள்.

“வேண்டாம் டாக்டரம்மா. அது அப்படியே இருக்கட்டும். யார்ட்டயும் பேசாதீங்க.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்ற செல்வியைப் பார்த்தார். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கேஸ் ரூமுக்கு இரண்டு பெரிய ஃபேனும் ஒரு நல்ல முகமூடியும் வந்து சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ரத்னாபாய் கேஸ் ரூம் சாவியை எடுத்தபோது செல்வி வழியை மறித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எனக்காகத்தானேக்கா போய்ச் சொன்னீங்க? இப்ப உங்களப் பிடிச்சு இதுக்குள்ள போட்டுட்டாங்க. ஆறு மாசம் அக்கா.”

“பின்னே? மெமோவ நல்லா வாசிச்சுப் பாரு மக்களே,” என்றாள் ரத்னாபாய். “ஆறு மாசத்துக்கு வேற ஒருத்தரும் இதுக்குள்ள கால் வைக்கப்பிடாதுன்னு ஒப்புப் போட்டுத் தந்திருக்காவ. ஒனக்கும் இன்னும் ஆறு மாசந்தானே பாக்கி?”

செல்விக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்னாபாய் அவள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி வராந்தாவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினாள். அவள் தூரப் போய்விட்டாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.